கோனைக்குள் காலை வைக்கும் முன்

வாசகர் கேள்வி – பதில்

ஊத்துக்கோட்டையிலிருந்து புத்தூர் போகும் சாலையில் சுருட்டப்பள்ளி தாண்டினால் நாகலாபுரம் மலைவரிசை கண்ணில் படத் தொடங்கும். ஓடைகள் மலையைப் பிளந்துகொண்டு இறங்கும் ஒடுங்கிய இடுக்குகளுக்கு அங்கே 'கோனா' என்று பெயர். எல்லையோரத் தமிழில் அது கோனை: கைலாசகோனை, சதாசிவகோனை, தலக்கோனை. சாதாரண மலையேற்றத்தில் களைத்தால் எந்தப் பக்கமாவது இறங்கிவிடலாம். கோனையில் இரண்டு பக்கமும் சுவர், நடுவில் தண்ணீர். வந்த வழி ஒன்று, போகிற வழி ஒன்று, அவ்வளவுதான். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இந்த நடை பற்றியே இருந்ததால் மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கியிருக்கிறோம்.

மழைக்காலம் முடிந்ததும் போனால் தண்ணீர் நிறைய இருக்கும் என்கிறார்கள். டிசம்பர் முதல் வாரம் சரியாக இருக்குமா? அன்றைக்கு வானம் வெளுத்திருந்தால் போதாதா?
– வாசகர், கும்மிடிப்பூண்டி

போதாது. தலைக்கு மேல் தெரியும் வானம் கோனைக்குள் நிற்பவருக்கு எதுவும் சொல்லாது. உங்களுக்குத் தெரிவது இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு கீற்று. மழை பெய்ய வேண்டியது அங்கே அல்ல, ஓடையின் தலைப்பில். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 1 செ.மீ. மழை பெய்தால் அது 1 கோடி லிட்டர் தண்ணீர். பத்துச் சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பில் 5 செ.மீ. கொட்டினால் 50 கோடி லிட்டர். மண் ஏற்கெனவே ஊறிக் கிடந்தால் அதில் பெரும்பங்கு உள்ளே இறங்காது. பாறைச் சரிவில் வழிந்து, பத்தடி அகல இடுக்கு வழியாகத்தான் வெளியேறியாக வேண்டும். அந்த இடுக்கில்தான் நீங்கள் நிற்கிறீர்கள்.

நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். டிசம்பரை மழை முடிந்த மாதம் என்று எடுத்துக்கொள்ளவே முடியாது. 2022இல் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி. 2023இல் மிக்ஜாம் பாபட்லா அருகே கரையேறியது டிசம்பர் 5. இரண்டுமே உங்கள் ஊர் மறக்காத மழை.

எங்கள் பரிந்துரை ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை. அப்போதும், கடைசியாகப் பெய்த பெருமழைக்குப் பிறகு இரண்டு வாரமாவது கழிந்திருக்க வேண்டும். பிப்ரவரி கடைசிக்குப் பிறகு புல் காய்ந்து காட்டுத்தீ பயம் வந்துவிடும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்ததை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை இன்னொரு தொல்லை: பகலெல்லாம் வெயில் கொளுத்தி, பிற்பகலில் வெப்பச்சலன மழை இடியோடு இறங்கும். கோனைக்குள் நீங்கள் மிகவும் உள்ளே இருக்கும் நேரமும் அதுதான்.

வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட எச்சரிக்கையை மூன்று நாள் முன்பிருந்தே பாருங்கள். திருவள்ளூர் மட்டும் போதாது, திருப்பதி மாவட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். மஞ்சள் நிறம் வந்தாலே கோனைக்குத் தடை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலைப் பயணத்துக்கு மஞ்சள் பெரிய விஷயம் இல்லை. ஒடுங்கிய ஓடைக்கு அதுவே பெரிது. கிளம்பும் காலையில் சென்னை, ஸ்ரீஹரிகோட்டா ரேடார் படங்களையும், அடுத்த மூன்று மணி நேரத்துக்கான அறிவிப்பையும் பாருங்கள். மின்னலுக்கு 'தாமினி' செயலி இருக்கிறது. உள்ளே போனபின் சிக்னல் கிடைக்காது. அதனால் இவை எல்லாம் வண்டியை நிறுத்தும் இடத்திலேயே முடிய வேண்டிய வேலை.

உள்ளே போனபின் உங்களுக்கு இருப்பது கண்ணும் காதும்தான். உட்காரும் இடத்தில் தண்ணீரின் விளிம்பில் ஒரு கல்லை வையுங்கள், பாதி நனைந்து பாதி காய்ந்து இருக்கும்படி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பாருங்கள். ஈரக்கோடு இரண்டு விரல் ஏறியிருந்தால் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு மேலே ஏறுங்கள். தெளிந்த தண்ணீர் தேநீர் நிறமாவது, பச்சை இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, காற்றே இல்லாத இடத்தில் திடீரென்று குளிர்காற்று வீசுவது, லாரி வருவது போன்ற இரைச்சல்: இவற்றில் ஒன்று போதும், இரண்டாவதற்குக் காத்திருக்க வேண்டாம். ஓட வேண்டியது ஓடையின் போக்கில் கீழ்நோக்கி அல்ல, பக்கவாட்டில் மேலே. எவ்வளவு உயரம் என்று கேட்டால், மரக்கிளைகளிலும் பாறை இடுக்குகளிலும் சிக்கியிருக்கும் பழைய செத்தையைப் பாருங்கள். போன வெள்ளம் எதுவரை வந்தது என்று அது காட்டும். அதற்கும் மேலே போக வேண்டும். நடக்கும்போதே 'இங்கிருந்து எங்கே ஏறுவது' என்று ஒவ்வொரு வளைவிலும் பார்த்துக்கொண்டே போகிறவர்தான் அந்த நொடியில் சரியான பக்கம் திரும்புவார்.

நாங்கள் ஒன்பது பேர். போக 7 கிலோமீட்டர், வர 7 கிலோமீட்டர். காலை 9 மணிக்குத் தொடங்கி மாலை 5 மணிக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்கு. சரிதானே?
– கல்லூரி மாணவர், திருத்தணி

உங்கள் கணக்கு தார்ச்சாலைக் கணக்கு. கோனைக்கு வேறு கணக்கு போட வேண்டும்.

முதல் 3 கிலோமீட்டர் வண்டிப்பாதை என்றால் 45 நிமிடம். மீதி 4 கிலோமீட்டர் குண்டுக்கல்லும் ஈரப்பாறையும். அதில் ஒரு குழு மணிக்கு ஒன்றேகால் கிலோமீட்டர் போனால் நல்ல வேகம். 3 மணி 12 நிமிடம் ஆகும். வழியில் இடுப்பளவு, மார்பளவு மடு மூன்று என்று வைத்துக்கொள்வோம். பையைக் கைமாற்றி, ஒவ்வொருவராகக் கடக்க ஆளுக்கு 3 நிமிடம். ஒன்பது பேருக்கு 27 நிமிடம், மூன்று மடுவுக்கு 1 மணி 21 நிமிடம். ஆக, போவதற்கு மட்டுமே 5 மணி 18 நிமிடம். 9 மணிக்குத் தொடங்கினால் உச்சியைத் தொடும்போது பிற்பகல் 2.18. சாப்பிடாமல் திரும்பினாலும் இரவு 7.36. ஜனவரியில் ஆறு மணியளவில் சூரியன் மறையும். கோனைக்குள் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே கல் எது, நிழல் எது என்று தெரியாமல் போகும்.

அதனால் தூரத்தை வைத்துத் திட்டம் போடாதீர்கள், வெளிச்சத்தை வைத்துப் போடுங்கள். உள்ளே 5 மணி வரை வெளிச்சம். கால் சுளுக்கு, வழி தவறல் போன்றவற்றுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் 3.30க்கு நீங்கள் வெளியே இருக்க வேண்டும். காலை 6.15க்குத் தொடங்குங்கள். இடையில் 9 மணி 15 நிமிடம். சாப்பாட்டுக்கு 45 நிமிடம் போக எட்டரை மணி நேரம். அதில் பாதி 4 மணி 15 நிமிடம். 10.30 ஆனதும் எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்து திரும்ப வேண்டும். அருவி இன்னும் இருநூறு அடிதான் என்றாலும் திரும்ப வேண்டும். சாப்பாடு திரும்பும் வழியில். இந்த நேரத்தை முந்தைய நாள் இரவே எல்லோரும் ஒப்புக்கொண்டு, மூன்று பேர் கைபேசியில் அலாரம் வைத்துவிடுங்கள். அருவிச் சத்தம் காதில் விழும்போது எடுக்கும் முடிவு நல்ல முடிவாக இருக்காது.

ஒன்பது பேரில் மூன்று பேரைக் குறைக்க முடிந்தால் மடுக்களில் மட்டுமே போக வர கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் மிச்சமாகும். ஆனால் நான்குக்குக் கீழே போக வேண்டாம். ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருக்க வேண்டும், இரண்டு பேர் சேர்ந்து உதவிக்குப் போக வேண்டும்.

எந்தக் காலணி வாங்கலாம்? கடையில் ஐந்தாயிரம் ரூபாய்க்கு, தண்ணீர் புகாத மலையேற்ற ஷூ காட்டுகிறார்கள்.
– வாசகி, பள்ளிப்பட்டு

தண்ணீர் புகாத ஷூ கோனைக்கு ஆகாது. கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வந்ததும் உள்ளே புகும், பிறகு வெளியேறாது. ஒவ்வொரு காலிலும் அரைக் கிலோ தண்ணீரைச் சுமந்து நடப்பீர்கள். வேண்டியது, தண்ணீர் தானாக வடியும் வலைத்துணி மேற்பகுதியும், மென்மையான ரப்பர் அடியும் உள்ள ஷூ. அடிப்பாகத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் பதிந்து மெல்ல மறைந்தால் நல்லது. பிளாஸ்டிக் போல நகம் வழுக்கினால் ஈரப்பாறையிலும் அப்படியே வழுக்கும்.

இன்னொரு சோதனை உங்கள் வீட்டுக் கொல்லையிலேயே இருக்கிறது. துவைக்கிற கல்லில் தண்ணீர் ஊற்றி, சோப்பு வழவழப்போடு அப்படியே விடுங்கள். யாராவது கையைப் பிடித்துக்கொள்ள, ஷூவோடு அதன் சரிவில் முழு எடையும் போட்டு நில்லுங்கள். பாசி படிந்த பாறை கிட்டத்தட்ட அப்படித்தான். அங்கே நிற்காத ஷூ கோனையிலும் நிற்காது. எந்த ஷூவானாலும் பச்சையும் கறுப்பும் படிந்த பாறையைத் தவிர்த்து, சொரசொரப்பான வெளிர்நிறப் பாறையில் கால் வையுங்கள். இந்த மலைகளின் பாறை குவார்ட்சைட். நீர் தேய்த்த பக்கம் கண்ணாடி, உடைந்த விளிம்பு கத்தி. அதனால்தான் செருப்பும், விரல் வெளியே தெரியும் சாண்டலும் வேண்டாம் என்கிறோம்.

பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொப்புளம் உண்டாக்கும். விளையாட்டு வீரர்கள் போடும் செயற்கை இழைக் காலுறை இரண்டு சோடி, ஒன்று பையில் காய்ந்தபடி. புது ஷூவோடு வராதீர்கள். குறைந்தது 30 கிலோமீட்டர் நடந்து பழகியிருக்க வேண்டும், அதில் ஒரு நாளாவது நனைந்த ஷூவோடு.

ஆளுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர்? ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே, குடிக்கக் கூடாதா?
– வாசகர், சத்தியவேடு

நடக்கும் ஒவ்வொரு மணிக்கும் அரை லிட்டர், வெயில் ஏறினால் முக்கால். ஒன்பது மணி நேர நடைக்கு ஐந்து லிட்டருக்கு மேலும் ஆகலாம். மூன்று லிட்டரைச் சுமந்து, மீதியை ஓடையில் எடுத்துச் சுத்திகரிப்பதுதான் நடைமுறை. தெளிவாக இருப்பதாலேயே சுத்தம் என்று ஆகிவிடாது. மேலே மாடு மேயும், மந்திகள் இருக்கும். துணியில் வடிகட்டி, குளோரின் மாத்திரையை உறையில் போட்டிருக்கும் அளவுப்படி போட்டு, முப்பது நிமிடம் காத்திருந்து குடியுங்கள். கலங்கிய தண்ணீரில் மாத்திரை சரியாக வேலை செய்யாது, அதனால்தான் வடிகட்டல் முதலில். தேங்கிய குட்டையில் எடுக்காதீர்கள். அடுப்பு மூட்ட வேண்டாம். காட்டுக்குள் தீ வைக்க அனுமதி இல்லை.

வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. தலைவலி, வாந்தி, தசைப்பிடிப்பு வரும். ஆளுக்கு இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வையுங்கள். பெரிய பொட்டலம் 1 லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. அரை பாட்டில் தண்ணீரில் பெரியதைக் கொட்டுவது பலரும் செய்யும் தவறு. பொட்டலம் இல்லையென்றால் 1 லிட்டரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தேக்கரண்டியைத் தலைதட்டி.

சாப்பாட்டுக்குப் புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. தயிர்சாதம் பையின் சூட்டில் பதினோரு மணிக்கே புளித்துவிடும். சட்டைப்பையில் கடலைமிட்டாயும் பேரீச்சையும் இருந்தால், உட்காராமலேயே மணிக்கு ஒருமுறை வாயில் போட்டுக்கொள்ளலாம்.

கைபேசி வரைபடம் இருந்தால் போதுமா?
– வாசகர், அரக்கோணம்

போதாது. உயரமான சுவர்களுக்கு நடுவே செயற்கைக்கோள் சமிக்ஞை பாறையில் பட்டுத் திரும்புவதால், நீங்கள் நிற்கும் இடத்தைப் பக்கத்து மலைமேல் காட்டும். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தை அவர்களுடைய இணையதளத்தில் பதிவு செய்து எடுத்து, வேண்டிய பகுதியை அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். சமஉயரக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நெருங்கும் இடத்தில் சுவர் செங்குத்து, வெளியேற வழி இல்லை. கோடுகள் விலகியிருக்கும் இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். வெள்ளம் வந்தால் நீங்கள் ஏற வேண்டிய இடங்கள் அவை.

எங்கள் குழுவில் மூன்று பேருக்கு நீச்சல் தெரியாது. லாரி ட்யூப் எடுத்துப் போகலாமா? அருவிக்குக் கீழே உள்ள மடுவில் குதிக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார்.
– தனியார் நிறுவன ஊழியர், சென்னை செங்குன்றம்

இந்தக் கடிதத்தை முதலில் பிரசுரிக்கலாமா என்றுகூட யோசித்தோம். கோனைகளில் உயிர் போவது பாம்பாலோ விலங்காலோ அல்ல, பெரும்பாலும் மடுவில்தான். அதுவும் தண்ணீர் சலனமில்லாமல் அழகாக இருக்கும் மடுவில்.

மடுவின் கரை நம் ஊர்க் குளத்துப் படிக்கட்டு போல இறங்காது. சாய்ந்த வழுவழுப் பாறை முழங்கால் ஆழம் வரை தெரியும், அடுத்த அடியில் பத்தடி. காலை வைத்தவர் சறுக்கி உள்ளே போவார். திரும்ப ஏற அதே பாசிப்பாறையைத்தான் பிடிக்க வேண்டும், கை நிற்காது. நீச்சல் தெரிந்தவரே அங்கே தவிப்பார்.

நீச்சல் தெரியாதவர்கள் கரையில் பையை இறக்கும்போதே உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொள்ள வேண்டும். அங்கி அவரவர் எடைக்கு ஏற்றதா என்று உள்பட்டியில் எழுதியிருக்கும். போட்டு, எல்லாப் பட்டைகளையும் இறுக்கி, ஒருவர் பின்னாலிருந்து தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கட்டும். அங்கி காதுவரை ஏறினால் தளர்வு; தண்ணீரில் அது மட்டும் மேலே மிதக்கும், ஆள் கீழே போவார். லாரி ட்யூப் வேண்டவே வேண்டாம். ஈர உடம்பு அதிலிருந்து நழுவும், கவிழ்ந்தால் தலை கீழே போகும்.

குதிப்பது எந்த மடுவிலும் கூடாது. போன வருடம் இருபதடி இருந்த இடத்தில் வெள்ளம் உருட்டி வந்த பாறை இந்த வருடம் நான்கடியில் கிடக்கலாம். மேலிருந்து பார்த்தால் தெரியாது.

யாராவது தத்தளித்தால் மூன்று படி: கையோ கழியோ நீட்டு, எட்டாவிட்டால் கயிற்றை எறி, பயிற்சி இல்லாதவர் தண்ணீரில் இறங்காதே. தவிக்கிறவர் காப்பாற்ற வந்தவரின் கழுத்தைத்தான் பிடிப்பார், இருவரும் போவார்கள். எறிகயிறு விலைக்கு வாங்க முடியாவிட்டால் இதைச் செய்யலாம். 5 லிட்டர் எண்ணெய்க் கேன் ஒன்றைக் கழுவி, உள்ளே கால் லிட்டர் தண்ணீர் ஊற்றி மூடியை இறுக்குங்கள். அந்தக் கனம் இல்லாவிட்டால் கேன் காற்றில் திரும்பிவிடும். கைப்பிடியில் 15 மீட்டர் மிதக்கும் கயிற்றைக் கட்டுங்கள். கேனைத் தவிப்பவரின் தலைக்கு அப்பால் எறிந்து, கயிறு அவர் தோளில் படும்படி இழுங்கள். வீட்டருகே ஏரிக்கரையில் இருபது முறை எறிந்து பழகுங்கள். முதல் முறை யாருக்கும் சரியாகப் போகாது. ஒவ்வொரு மடுவிலும் முதல் ஆள் இறங்கும் முன்பே ஒருவர் அந்தக் கயிற்றோடு கரையில் நிற்க வேண்டும்.

ஓடும் தண்ணீர் முழங்காலைத் தாண்டினால் கடக்காதீர்கள். கடக்க நேர்ந்தால் பையின் இடுப்புப் பட்டையை முதலில் அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட முடிய வேண்டும்.

அருவியில் இறங்கக் கயிறு வேண்டுமா? நைலான் கயிறு வீட்டில் இருக்கிறது.
– வாசகர், நகரி

துணி காயப்போடும் கயிற்றை வீட்டிலேயே விடுங்கள். மெல்லிய கயிறு ஈரக்கையில் நிற்காது, இழுத்தால் விரலை அறுக்கும், பாறை விளிம்பில் உரசினால் இழை இழையாகப் பிரியும். கைப்பிடிக்கு மட்டும் என்றால் 10 மி.மீ. தடிமன், 20 மீட்டர் நீளம், நீட்சி குறைந்த, உள்ளே இழைக்கட்டும் மேலே உறையும் உள்ள மலையேற்றக் கயிறு. கட்ட வேண்டியது உயிருள்ள, தொடை அளவு பருமனான, வேர் பாறைக்குள் போயிருக்கும் மரத்தில், அடிப்பகுதியில், 8 வடிவ முடிச்சுப் போட்டு. ஒரு நேரத்தில் ஒருவர்.

அதைவிட முக்கியமானது: விழுந்தால் எலும்பு முறியும் உயரம் என்றால், அது கைப்பிடிக் கயிற்று வேலையே அல்ல. இடுப்பில் மாட்டும் பட்டை (ஹார்னஸ்), தலைக்கவசம், இறங்கு கருவி, பயிற்சி பெற்றவர் என்று நான்கும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் சுற்றிப் போங்கள் அல்லது திரும்புங்கள். சறுக்கியோ குதித்தோ இறங்கிவிட்டால் திரும்ப ஏற முடியாத இடம் ஒவ்வொரு கோனையிலும் ஒன்றிரண்டு இருக்கும். அங்கே இறங்கியவுடன் உங்களுக்கு வெளியேறும் வழி இரண்டிலிருந்து ஒன்றாகிவிடும். அந்த ஒன்று திறந்திருக்கிறது என்று நேரில் அறிந்த ஆள் உடன் இல்லாவிட்டால் இறங்கக் கூடாது.

மலைத்தேனீ கொட்டும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
– இல்லத்தரசி, ஆர்.கே.பேட்டை

உண்மைதான், அம்மா. பாறை நெற்றியின் அடியில் கறுப்புத் தோல் தொங்குவது போலத் தெரிவது பெருந்தேனீயின் கூடு. வாசனைத் தைலம், சென்ட் பூசி வரக் கூடாது, அதனடியில் சத்தம் போடக் கூடாது, கல்லெறியக் கூடாது. புகை அதைவிட மோசம். கூட்டின் மேல் அலை அலையாக ஒரு நெளிவு ஓடினால் எச்சரிக்கை என்று பொருள், பேசாமல் விலகுங்கள். கலைந்துவிட்டால் முகத்தையும் வாயையும் துண்டால் மூடிக்கொண்டு ஓட வேண்டும். தண்ணீருக்குள் மூழ்கினால் மேலேயே சுற்றிக்கொண்டு காத்திருக்கும். விலகியபின் கொடுக்கை நகத்தாலோ எதனாலோ உடனே எடுங்கள். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதே முக்கியம். உதடு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. பத்துப் பதினைந்துக்கு மேல் கொட்டியிருந்தால் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்குப் போகவும். சிறுநீரகம் பாதிப்பது பிறகுதான் தெரியும்.

பாம்புக்கடி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே. கடிபட்ட கையையோ காலையோ குச்சி வைத்து அசையாமல் கட்டி, ஆளை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு.

அனுமதி யாரிடம் வாங்க வேண்டும்? வாங்காமல் போகிறவர்களும் இருக்கிறார்களே.
– வாசகர், ஊத்துக்கோட்டை

நாகலாபுரம், புத்தூர், நாராயணவனம் எல்லாம் 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டம். பழைய குறிப்புகளில் சித்தூர் மாவட்டம் என்று இருக்கும். ஆந்திர வனத்துறையின் சரக அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். திறந்திருக்கும் இடங்களும் மாதங்களும் மாறிக்கொண்டே இருக்கும். மறுத்தால் அதோடு விட்டுவிடுங்கள். தலக்கோனை ஸ்ரீவெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவின் பகுதி, அங்கே விதிகள் இன்னும் கடுமை.

இது வெறும் காகித விஷயம் இல்லை. செம்மரம் உலகிலேயே இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்பகுதியில்தான். கடத்தலைத் தடுக்க வனத்துறையும் காவல்துறையும் இரவும் பகலும் சுற்றுகின்றன. அனுமதி இல்லாமல், அதிகாலை இருட்டில், தமிழ் பேசிக்கொண்டு காட்டுக்குள் போகும் கூட்டத்தை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசியுங்கள். அரிவாள், கோடாலி கையில் இருக்கவே கூடாது. அனுமதிக் கடிதமும் அடையாள அட்டைகளும் ஒரே உறையில், தலைவரிடம். அந்தப் பகுதி ஆள் ஒருவரைக் கூலி பேசி அழைத்துப் போவது நல்லது. எந்த மடுவில் சேறு, எந்தப் பாறையில் கூடு என்று அவருக்குத்தான் தெரியும். அடிபட்டால் முதலில் வரப் போவதும் அவருடைய ஊர்க்காரர்கள்தான்.

மகன் நண்பர்களோடு போகிறான். எனக்கு எதுவும் புரியவில்லை, ஆனால் வீட்டில் நான் என்ன வைத்துக்கொள்ள வேண்டும்?
– ஒரு தாய், திருவள்ளூர்

ஒரு காகிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அம்மா. அதில் அவரே எழுதித் தரட்டும்: எந்தக் கோனை, எந்த ஊரிலிருந்து உள்ளே போகிறார்கள், வண்டி நிற்கும் இடமும் எண்ணும், எல்லோருடைய பெயர், ரத்த வகை, அவரவர் வீட்டு எண், அனுமதி கொடுத்த சரக அலுவலகத்தின் எண், வழிகாட்டியின் எண். அதற்குக் கீழே இரண்டு நேரம். 3.30க்கு வெளியே வருவோம் என்பது ஒன்று. இரவு 7 மணிக்குள் என் அழைப்பு வராவிட்டால் நீ கூப்பிடு என்பது இன்னொன்று. 7 மணிவரை சிக்னல் இல்லாமல் இருப்பது இயல்பு, பதற வேண்டாம். 7 தாண்டினால் தயங்கவும் வேண்டாம். முதலில் சரக அலுவலகம், பிறகு 112. காகிதத்தில் உள்ளதை அப்படியே படியுங்கள். திட்டத்தை நடுவழியில் மாற்றக் கூடாது என்று அவரிடம் சொல்லுங்கள். மாற்றினால் தேடுகிறவர்கள் வேறு கோனையில் தேடுவார்கள்.

அவர் பையில் விசிலும், தலையில் மாட்டும் விளக்கும், தடித்த பாலித்தீன் உறைக்குள் காய்ந்த உடை ஒரு சோடியும் இருக்கிறதா என்று பாருங்கள். ஜனவரி மாலையில் நனைந்த உடம்போடு காற்றில் நின்றால் நம் ஊரிலும் பல் கிட்டும்.

திரும்பி வந்ததும் உடைகளைச் சுடுநீரில் போட்டு, அவரைச் சோப்புத் தேய்த்துக் குளிக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு மாதம் கவனமாக இருங்கள். புல்லிலும் புதரிலும் இருக்கும் சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் இந்தப் பக்கம் உண்டு. பெரும்பாலும் பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் தலைவலியும் வரும். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்புப் புண் ஒன்று இருக்கலாம், வலிக்காததால் யாரும் கவனிப்பதில்லை. தேங்கிய தண்ணீரில் நடந்ததால் வரும் எலிக்காய்ச்சலில் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருக்கும். இரண்டுக்கும் சீக்கிரம் தொடங்கினால் எளிதான மருந்து இருக்கிறது. காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது: இன்ன தேதியில் காட்டு ஓடையில் நடந்தான்.